குளக்கட்டு ஏற்றத்தில் திணறும் எஞ்சின்

ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். சிறுபோக அறுவடை முடிந்த நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாய்ந்து விளைந்த நெல் மூட்டைகளாகக் கட்டப்பட்டு, ஒரு சிறிய பெற்றோல் லொறியில் ஏறியிருக்கிறது. வயல் வரம்போரப் பாதையில் லொறி ஒழுங்காகவே வருகிறது. குளக்கட்டை நோக்கி மேடேறும் இடத்தில் சாரதி எக்சிலறேற்றரை அடிவரை மிதிக்கிறார். எஞ்சின் இருமுகிறது. வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்குகிறது. காலைச் சற்றே தளர்த்தினால் இருமல் நின்றுவிடுகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி இருமல்.

கராஜுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் நோயின் அடையாளமே இல்லை. எஞ்சின் பூனை போல உறுமிக்கொண்டு நிற்கிறது.

“பாஸ், இஞ்ச நிக்கக்குள்ள நல்லாத்தான் ஓடுது. பாரம் ஏத்தினாத்தான் இழுக்குதில்ல.”

“பிளக்கக் கழட்டிப் பாப்பம், தம்பி.”

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கைவைக்கும் இடம் சரியானது. சும்மா நிற்கும்போது நன்றாக எரிகிற எஞ்சின், பாரம் இழுக்கும்போது மட்டும் ஏன் பொறியைத் தவறவிடுகிறது? பெற்றோலும் அதுதான், பற்றரியும் அதுதான், பிளக்கும் அதுதான். மாறியது ஒன்றே ஒன்று: சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளி ஒன்று அந்த அடர்த்தியோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

எந்த லொறிக்குப் பிளக் உண்டு?

உன்னிச்சை, ஆயித்தியமலை, வவுணதீவுப் பக்கம் ஓடும் பார வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிளக்கே கிடையாது. அவை டீசல் எஞ்சின்கள். உழவு இயந்திரமும், கல்லும் மண்ணும் ஏற்றும் டிப்பரும், நாம் ‘பட்டா’ என்று அழைக்கும் சிறு லொறியும் டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சின் காற்றை மிக இறுக்கமாக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று தானாகவே அவ்வளவு சூடாகிவிடுவதால், அதற்குள் பீச்சப்படும் எரிபொருள் பொறியில்லாமலே பற்றிக்கொள்கிறது.

பெற்றோல் எஞ்சினில் கதை வேறு. அங்கே காற்றும் பெற்றோலும் முன்கூட்டியே கலந்துவிடுகின்றன. அந்தக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடாது. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பற்ற வேண்டும் என்று எஞ்சின் தீர்மானிக்கிறதோ, அந்தக் கணத்தில்தான் பற்ற வேண்டும். அந்தக் கணத்தைத் தருவது பிளக். நமது மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும், வாவியில் ஓடும் வெளியிணைப்புப் படகு எஞ்சினிலும், வயலுக்கு நீரிறைக்கும் சிறு பம்பிலும் அது இருக்கிறது.

பிளக் உள்ள லொறிகள் நம்மிடையே வந்தது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து. 1990 முதல் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத எஞ்சின் என்ற வரம்புக்குள் அந்நாட்டார் செய்துவரும் சிறு வாகனங்கள் அவை. ஒரு பெரிய சோடாப் போத்தலின் கொள்ளளவில் பாதிகூட இல்லாத எஞ்சின், மூட்டை ஏற்றிக்கொண்டு மேடேற வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி காற்றைத் திணிப்பது. சுசுக்கியின் சிறு வாகனங்கள் சிலவற்றில் டர்போ இருக்கிறது. சுபாரு நிறுவனம் 2012 வரை தானே செய்துவந்த ‘சம்பர்’ என்ற சிறு லொறியில், 658 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். அதன் சில வகைகளில் சுப்பர்சார்ஜரும் பூட்டியிருந்தார்கள். நமது லொறியும் இப்படிக் காற்றைத் திணிக்கும் வகைதான்.

2020 இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிலை வந்தது. பழைய வண்டியில் பிளக் தெரிவு புதிய வண்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு முக்கியம். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

காற்றைத் திணித்தல்

சாதாரண எஞ்சின் காற்றை மூச்சாக உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை வெளிக்காற்று வந்து நிரப்புகிறது. எவ்வளவு ஆவலாக உறிஞ்சினாலும் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ளே போக வழியில்லை. சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெல்ற் அல்லது பற்சக்கரம் மூலம் விசை பெற்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஊதுகருவி. அதே வேலையைப் புகைபோக்கி வழியாக வெளியேறும் சூடான வாயுவின் விசையால் செய்வது டர்போ. பிளக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: சிலிண்டருக்குள் காற்று அடர்ந்திருக்கிறது.

இந்த நுட்பத்தின் மிகப் பெரிய பயிற்சிக்களம் ஆகாயம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகிவிடும். அங்கே பறக்கும் பெற்றோல் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். அந்தத் திணறலைப் போக்கத்தான் விமான எஞ்சின்களுக்குச் சுப்பர்சார்ஜர் பூட்டினார்கள்.

நமது கிழக்குக் கரை அந்த எஞ்சின்களின் ஒலியைக் கேட்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றை எதிர்க்கச் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் எழுந்தன. அதே நாளில், மட்டக்களப்புக்கு நேரே கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கப்பல் இன்றும் நமது கடலடியில் கிடக்கிறது.

அந்த ஹரிக்கேன்களின் மூக்கில் இருந்தது ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின்: 27 லீற்றர் கொள்ளளவு, 12 சிலிண்டர்கள், பற்சக்கரத்தால் சுழலும் சுப்பர்சார்ஜர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள், ஆக 24. ஒன்று தவறினாலும் மற்றது காக்க வேண்டும் என்பது ஒரு காரணம், கலவை விரைவாகவும் சீராகவும் எரிய வேண்டும் என்பது இன்னொன்று. இன்றும் பறக்கும் பிஸ்டன் விமானங்களின் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர்தான். இன்றைய காரொன்றின் பிளக்கிலோ அது 1.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். இந்த வேறுபாட்டுக்குள்தான் நமது லொறியின் இருமலுக்கான விளக்கமும் இருக்கிறது.

பாஷென் கண்ட விதி

காற்று மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தியிருந்தால் சுவரில் உள்ள மின்குதையின் இரண்டு துளைகளுக்கிடையே எப்போதும் மின் பாய்ந்துகொண்டிருக்கும். ஆனால் போதிய வோல்ற்றளவு கொடுத்தால் எந்தக் காற்றும் உடைந்து வழிவிடும். எவ்வளவு வோல்ற் போதும் என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் ஜேர்மனிய இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷென். 1889 இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. காற்றை உடைக்கத் தேவைப்படும் வோல்ற்றளவு, அழுத்தத்தையும் இடைவெளியையும் தனித்தனியாகச் சாராமல், அவ்விரண்டின் பெருக்கத்தைச் சார்ந்திருக்கிறது. வெப்பம் மாறும் இடங்களில் அழுத்தம் என்பதை அடர்த்தி என்று வாசித்துக்கொண்டால் போதும்.

ஏன் அப்படி? காற்றுக்குள் எப்போதும் ஓரிரு தனி இலத்திரன்கள் அலைந்துகொண்டிருக்கும். பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறும்போது அந்த இலத்திரன் இழுக்கப்பட்டு வேகமெடுக்கிறது. வழியில் ஒரு காற்று மூலக்கூறில் மோதுகிறது. போதிய வேகம் இருந்தால் அந்த மூலக்கூறிலிருந்து இன்னோர் இலத்திரனைப் பெயர்த்துவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கண்ணிமைக்கும் நேரத்தில் பெருவெள்ளம் போல இலத்திரன்கள் பாய்ந்து ஒரு பாதையை வெட்டிவிடுகின்றன. அதுதான் நாம் காணும் நீலப் பொறி.

இப்போது காற்றை நெருக்கிப் பாருங்கள். மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று கிட்ட வந்துவிட்டன. சந்தைக்குள் ஓட முயல்பவர் இரண்டடிக்கு ஒருவரோடு மோதுவதுபோல, இலத்திரன் வேகமெடுப்பதற்குள் மோதிவிடுகிறது. மோதலில் மூலக்கூறு உடைவதில்லை, இலத்திரனின் வேகந்தான் வீணாகிறது. அவ்வளவு குறுகிய ஓட்டத்திலும் போதிய வேகம் எடுக்க வேண்டுமென்றால், இழுக்கும் மின்விசை கூட வேண்டும். அதனால் அடர்ந்த காற்றுக்குக் கூடுதல் வோல்ற் தேவை. வோல்ற்றைக் கூட்ட வழியில்லையா? இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

திறந்த வெளியில், கடல்மட்டக் காற்றில், 1 மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 வோல்ற் வேண்டும். எஞ்சினுக்குள் பொறி விழும் நேரத்தில் கலவை நெருக்கப்பட்டிருக்கும். அழுத்தம் பத்து மடங்கு ஏறியிருந்தாலும் வெப்பமும் ஏறியிருப்பதால் அடர்த்தி ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சாதாரண எஞ்சினில், முழு மிதியில், 1.1 மில்லிமீற்றர் இடைவெளிக்கு ஏறத்தாழ 20,000 வோல்ற் தேவைப்படும்.

சுப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.6 பார் ஏற்றுகிறோம் என்போம். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் 1.6 மடங்கு. அழுத்தும்போது காற்று சூடாகும் என்பதால் அடர்த்தி அவ்வளவு ஏறாது, 1.4 மடங்கு ஏறும். எனவே அதே 1.1 மில்லிமீற்றர் இடைவெளிக்கு 28,000 வோல்ற் வேண்டும். பிளக்குக்கு உயர் வோல்ற்றைத் தரும் கொயில் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தரும். பல வருடம் உழைத்து இன்சுலேஷன் தளர்ந்த கொயில் 25,000 வோல்ற்றிலேயே களைத்துவிட்டால்? அடுத்தடுத்த சுற்றுகளில் சில பொறிகள் விழும், சில விழாது. சாரதிக்கு அது இருமலாகக் கேட்கிறது.

சும்மா நிற்கும்போது ஏன் நோய் தெரியவில்லை என்பதும் இதே கணக்கிலிருந்து வரும். எக்சிலறேற்றரை மிதிக்காதபோது காற்று வரும் வழி ஏறக்குறைய மூடியிருக்கிறது. உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வளிமண்டலத்தின் மூன்றில் ஒரு பங்களவே. அப்போது ஏழெட்டாயிரம் வோல்ற்றிலேயே பொறி பாய்ந்துவிடும். கராஜில் கேட்கும் பூனை உறுமல் அந்தச் சலுகையில் பிறந்தது. பிளக்கைச் சோதிக்க வேண்டிய இடம் குளக்கட்டு ஏற்றம். எஞ்சின் தன் வாழ்நாளில் மிகக் கடினமாக உழைக்கும் அந்த நிமிடத்தை நினைத்துத்தான் பிளக்கைத் தெரிய வேண்டும்.

இனிப் பரிகாரம். 1.1 ஐ 1.4 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.8. இடைவெளியை 0.8 மில்லிமீற்றராகக் குறைத்தால் தேவைப்படும் வோல்ற் பழையபடி 20,000 க்கே வந்துவிடும். காற்றைத் திணிக்கும் பெற்றோல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இடைவெளி வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான எண், வண்டியோடு வந்த கைநூலில் இருக்கிறது. முதல் மதிப்பு அதற்கே. எஞ்சினில் ஏதேனும் மாற்றம் செய்து அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் மட்டும் அதிலிருந்து மேலும் குறைக்க நினைக்கலாம்.

பாஷென் விதியின் மறுபக்கம் பிளக்கின் வெளிப்புறத்தில் வேலை செய்கிறது. உயரே பறக்கும் விமானத்தில் சிலிண்டருக்குள் காற்று அடர்ந்திருக்கும், வெளியே மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் மின் எளிதாகப் பாயும். ஆகவே உள்ளே பாய வேண்டிய பொறி வெளியிலேயே வழி கண்டு கசிந்துவிடும். அதைத் தடுக்க விமானப் பொறியாளர்கள் பெரும்பாடுபட்டார்கள். நமது லொறியிலும் இதே கசிவு நடக்கிறது. பிளக்கின் வெள்ளைச் செராமிக் உடலில் எண்ணெய்ப் பிசுக்கும் மாரிகால ஈரமும் படிந்திருந்தால், உள்ளே 28,000 வோல்ற்றுக்குக் காத்திருக்காமல் மின் அந்த அழுக்கின் மேல் ஊர்ந்து எஞ்சின் உடலுக்குப் போய்விடும். பிளக்கின் செராமிக்கில் கோடு கோடாக வரியும் பள்ளங்கள் அழகுக்கு வைத்தவையல்ல. மின் ஊர வேண்டிய தூரத்தை நீட்டி, இந்தக் கசிவைத் தடுக்கவே அவை இருக்கின்றன.

அப்படியென்றால் இன்னும் குறைத்தால் என்ன?

இடைவெளியைக் குறைத்தால் பொறி எளிதில் பாயுமென்றால், 0.3 மில்லிமீற்றருக்கே கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். பொறி பாய்வது வேலையின் பாதிதான். பொறியைச் சுற்றி ஒரு சிறு தீக்கரு பிறந்து, வளர்ந்து, சிலிண்டர் முழுவதும் பரவ வேண்டும். அந்தக் கரு பிறக்கும் இடத்துக்கு இருபுறமும் உலோக முனைகள் நிற்கின்றன. உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். முனைகள் மிக நெருங்கியிருந்தால், அடைகாக்கும் முன்பே முட்டையைக் குளிரவைப்பது போல, அவை தீக்கருவின் வெப்பத்தை இழுத்து அணைத்துவிடும்.

பாரம் கூடிய நேரத்தில் கலவை அடர்ந்திருப்பதால் சிறு கருவும் தப்பிப் பிழைக்கும். சும்மா நிற்கும்போது கலவை மெலிந்து, பழைய புகையும் கலந்திருப்பதால், நெருங்கிய முனைகளுக்கிடையில் பிறந்த கரு அணைந்துபோகும். எஞ்சின் தள்ளாடும், பெற்றோல் வீணாகும். எனவே விதியை இப்படிச் சுருக்கலாம்: முழுப் பாரத்திலும் பொறி தவறாத அளவுக்குள், முடிந்தவரை அகலமான இடைவெளியே சிறந்த இடைவெளி.

சூடான பிளக், குளிர்ந்த பிளக்

காற்றைத் திணித்தால் எரியும் கலவை கூடுகிறது, ஆகவே வெப்பமும் கூடுகிறது. பிளக்கின் முனையில் இருக்கும் செராமிக் மூக்கு அந்தத் தீயிலேயே குளிக்கிறது. அந்த மூக்கு ஏறக்குறைய 500 பாகை செல்சியசுக்குக் குறைந்திருந்தால் கரி படியும். படிந்த கரி மின்னைக் கடத்தும், பொறி வழிமாறிப் போகும். அந்த வெப்பத்துக்கு மேலே போனால் கரி தானாக எரிந்து மூக்கு சுத்தமாகும். ஆனால் 850 – 900 பாகையைத் தாண்டினால் மூக்கே கங்காகிவிடும். பொறி விழுவதற்கு முன்பே கலவை அந்தக் கங்கில் பற்றிக்கொள்ளும். மேலேறிவரும் பிஸ்டன் மீது வெடிப்பு விழும். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்த எஞ்சின்களில் பலவற்றின் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

வெப்பம் மூக்கிலிருந்து பிளக்கின் உலோக உடலுக்கும், அங்கிருந்து எஞ்சின் தலைக்கும் பாய்ந்து வெளியேறுகிறது. மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற நீண்ட வழி நடக்க வேண்டும், ஆகவே முனை சூடாகவே இருக்கும். அதைச் ‘சூடான பிளக்’ என்கிறார்கள். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சட்டென்று வெளியேறிவிடும். அது ‘குளிர்ந்த பிளக்’. பெயரில் உள்ள சூடும் குளிரும் மூக்கின் நீளத்தைத்தான் குறிக்கின்றன. பொறியின் பலத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

1936 இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய என்.ஜி.கே. நிறுவனத்தின் எண்முறையில் எண் கூடக்கூட பிளக் குளிரும்: 6 ஐவிட 7 குளிர்ந்தது. டென்சோவிலும் அப்படியே, ஆனால் எண்கள் வேறு: என்.ஜி.கே.யின் 6 இங்கே 20, 7 இங்கே 22. பொஷ், சம்பியன் ஆகியவற்றில் எண் கூடினால் பிளக் சூடாகும். ஒரு நிறுவனத்தின் 7 ஐக் கழற்றி, இன்னொரு நிறுவனத்தின் 7 ஐப் பூட்டுவது இதனால்தான் ஆபத்து. என்.ஜி.கே. தரும் பொது வழிகாட்டலின்படி ஒரு படி குளிர்ந்த பிளக், 70 முதல் 100 பாகை அளவுக்குக் கூடுதலான வெப்பத்தை வெளியேற்றக்கூடியது.

தொழிற்சாலையிலேயே சுப்பர்சார்ஜரோ டர்போவோ பூட்டி வந்த எஞ்சினுக்கு, அதே குடும்பத்தின் சாதாரண எஞ்சினைவிடக் குளிர்ந்த பிளக்கையே வழக்கமாகக் குறித்திருப்பார்கள். கடையில் ‘அதே எஞ்சின்தானே’ என்று சாதாரண வகையின் பிளக்கைத் தந்தால் வாங்கக்கூடாது. மறுபக்கத்தில், ‘குளிர்ந்தது நல்லது’ என்று இரண்டு மூன்று படி தாண்டிப் போவதும் பிழை. நாளெல்லாம் கிராமத்துப் பாதையில் மெதுவாக ஓடும் லொறியின் பிளக், கரியைத் தானே எரிக்கும் வெப்பத்தை அடையாமலே போய்விடும்.

மண்ணெண்ணெய் கற்றுத்தந்த பாடம்

கரி படிந்த பிளக்கை நமது மக்கள் அறிந்த அளவுக்கு உலகில் அறிந்தவர்கள் குறைவு. 1990 களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நீரிறைக்கும் பம்புகளுக்கு இது இன்றும் பழக்கமான முறை.

மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கிறது, முழுவதும் எரியாமல் கரியாகிறது. அந்தக் கரி முதலில் குடியேறுவது பிளக்கின் மூக்கில். பிளக்கைக் கழற்றி, துடைத்து, தீயில் சுட்டு, மீண்டும் பூட்டுவது அந்த நாட்களில் ஒவ்வொரு பயணத்தின் பகுதியாக இருந்தது. அந்தக் கைகளுக்கு பாஷென் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிளக்கின் நிறம் எஞ்சினின் நோயைச் சொல்லும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

அந்த வாசிப்பு இன்றும் செல்லும். மூக்கு வெளிர் மண்ணிறமாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரும்பூச்சு இருந்தால் பெற்றோல் கூடுகிறது, அல்லது பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. ஈரமான கருமை எண்ணெய் மேலேறுவதைக் காட்டும். சுண்ணாம்பு போல வெளுத்து, சிறு கொப்புளங்கள் தெரிந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்: முனை அளவுக்கு மீறிச் சூடாகிறது. திணித்த காற்றில் ஓடும் எஞ்சினுக்கு இந்த வெள்ளைதான் மிகக் கொடிய அடையாளம். அப்போது பிளக்கின் படியை மட்டும் பார்க்காமல், பெற்றோல் போதிய அளவு வருகிறதா, நிரப்பியது 92 ஒக்டேனா 95 ஒக்டேனா, கைநூல் எதைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கையில் எடுத்து அளப்போம்

ஒரு பிளக்கைக் கையில் எடுங்கள். வயல் பம்புகளில் உள்ள ஹொண்டாவின் சிறு எஞ்சின்களுக்குரிய என்.ஜி.கே. பி.பி.ஆர்.6.ஈ.எஸ். என்று வைத்துக்கொள்வோம். முதலெழுத்து 14 மில்லிமீற்றர் மரையைச் சொல்கிறது. இரண்டாவது, மூக்கு உடலுக்கு வெளியே நீட்டியிருப்பதைச் சொல்கிறது. ‘ஆர்’ என்றால் வானொலி இரைச்சலைத் தடுக்கும் தடை உள்ளே இருக்கிறது. 6 என்பது வெப்பப் படி. ‘ஈ’ மரைப்பகுதியின் நீளம் 19 மில்லிமீற்றர் என்கிறது. ‘எஸ்’ சாதாரண நடுமுனை. இந்த எஞ்சினுக்கு ஹொண்டா சொல்லும் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். சில பிளக்குகளின் எண்ணுக்குப் பின்னால் ‘-11’ என்று ஒரு வால் இருக்கும். அது 1.1 மில்லிமீற்றர் இடைவெளியோடு வருகிறது என்பதன் அடையாளம். சுப்பர்சார்ஜர் லொறிக்கு வாங்கும்போது அந்த வாலைக் கட்டாயம் பாருங்கள்.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கட்டு வேண்டும். விசிறி போல விரியும் உருக்குத் தகடுகளில் ஒவ்வொன்றிலும் அதன் தடிப்பு பொறித்திருக்கும். 0.7 தகட்டை முனைகளுக்கிடையே நுழையுங்கள். தாளைப் புத்தகத்திலிருந்து இழுப்பது போன்ற மெல்லிய இழுவை கைக்குத் தெரிய வேண்டும். தளர்வாக நுழைந்தால் இடைவெளி கூட. பழைய பிளக்கில் முனை குழிந்திருப்பதால் தட்டையான தகடு குறைத்துக் காட்டும். அங்கே வட்டக் கம்பி உள்ள அளவுகருவி நல்லது.

குறைப்பதற்கு, வளைந்து நிற்கும் பக்க முனையை மரப்பலகை போன்ற உறுதியான பரப்பில் மெதுவாகத் தட்டுங்கள். கூட்டுவதற்கு, அதே பக்க முனையை மட்டும் கருவியால் சற்று நெம்புங்கள். நடுமுனை மேல் எதையும் ஊன்றக்கூடாது. செராமிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்தால், பிளக்கைப் பூட்டியபின் மின் அந்த வெடிப்பு வழியே போகும். கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்த பிளக்கையும் அதே காரணத்துக்காக ஒதுக்கிவிடுங்கள்.

இரிடியம் பிளக்கில் இன்னும் கவனம் வேண்டும். இரிடியம் 2,446 பாகையில்தான் உருகும். அந்த உறுதியால் டென்சோ நடுமுனையை 0.4 மில்லிமீற்றர் தடிப்பு வரை மெலிக்க முடிந்திருக்கிறது. மெலிந்த கூர்முனையில் மின்விசை குவிவதால், அடர்ந்த காற்றிலும் குறைந்த வோல்ற்றில் பொறி பாயும். திணித்த காற்று எஞ்சினுக்கு இரிடியம் பொருந்துவதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த மெல்லிய முனை ஒடிவது எளிது. அளப்பதானால் உரசாமல் அளக்க வேண்டும்.

பூட்டும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். சூடான அலுமினியத் தலையில் மரை எளிதில் பிய்ந்துவிடும். முதலில் கையாலேயே திருகி இறுக்குங்கள். வாஷர் உள்ள புதிய பிளக்கை அதன்பின் சாவியால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். அளவுச் சாவி இருந்தால் 14 மில்லிமீற்றர் மரைக்கு 25 முதல் 30 நியூற்றன்-மீற்றர். தளர்ந்த பிளக்குக்கு வெப்பத்தை எஞ்சின் தலைக்குக் கடத்த வழி குறையும். குளிர்ந்த பிளக்கையே வாங்கினாலும், தளர்வாகப் பூட்டினால் அது சூடான பிளக்காகிவிடும்.

மீண்டும் ஏற்றத்தில்

இனி நமது லொறிக்கு வருவோம். மெக்கானிக் கழற்றிய பிளக்கின் வாலில் ‘-11’ இருந்தது. ஓடித் தேய்ந்ததில் இடைவெளி 1.3 மில்லிமீற்றராக அகன்றிருந்தது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து சில அணுக்களைப் பெயர்த்துச் செல்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 50 தடவை பொறிகிறது. அகன்ற இடைவெளி, திணித்த காற்று, களைத்த கொயில். தேவை 30,000 வோல்ற்றையும் தாண்டியது, கொயிலால் தர முடிந்தது 25,000.

கைநூல் சொல்லும் வெப்பப் படியில் புதிய பிளக்குகள், கைநூல் சொல்லும் இடைவெளி, ஃபீலர் கேஜால் ஒவ்வொன்றாக அளந்து பூட்டுதல். செலவு பெரிதல்ல. வண்டி மறுபடி மூட்டைகளோடு அதே மேட்டில் ஏறுகிறது. சாரதி காலை அடிவரை மிதிக்கிறார். சிலிண்டருக்குள் காற்று நெருங்கிக் குவிகிறது. அதன் நடுவே இரண்டு முனைகள் மனித மயிர் ஏழெட்டைச் சேர்த்துவைத்த அளவு நெருக்கத்தில் நிற்கின்றன. பொறி தாண்டிவிடுகிறது. குளத்து நீரின் மேல் வந்த காற்று முகத்தில் படும்போது சாரதிக்குக் கேட்பது ஒரே சீரான எஞ்சின் ஒலி மட்டும்தான்.